சூசையின் ஒற்றை முடிச்சு

ஒன்பது நாற்பதுக்கு அவன் முடிச்சை அவிழ்த்தான். நான் எழுதினேன்.

பாம்பன் வடகடல் ஓரம். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு சிறிய வத்தைப் படகின் முதுகில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் நோட்டு, கையில் பேனா, மணிக்கட்டில் மாமாவிடம் இரவல் வாங்கிய கடிகாரம். எதிரே பத்தடி தள்ளி இரண்டரை வயதுச் சூசை. அவன் இடுப்பில் பழைய வலைக்கயிறு. கயிற்றின் மறுமுனை மணலில் அடித்த மரக்குத்தியில். நடுவில் ஒரு பால் டின் தொங்கும், உள்ளே நாலைந்து சிப்பி. அவன் அசைந்தால் டின் கலகலவென்று சத்தம் போடும்.

அவனுடைய அம்மா ஆரோக்கியம் கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி காரல் மீனை மணலில் பரப்பிக்கொண்டிருந்தாள். டின் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கிற வரைக்கும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

கயிற்றை உதறிவிட்டுச் சூசை எழுந்தான். தண்ணீரைப் பார்த்து நடந்தான். அதையும் எழுதினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் இதற்குமேல் சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. வேறு கதை பேசிவிட்டு வருகிறேன்.

இந்தப் படிப்புக்கு என்ன வேலை?

இந்தப் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகி பரமக்குடியிலிருந்து கேட்டிருக்கிறார். அவருடைய மகளுக்குக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் கிடைத்திருக்கிறதாம். படித்தால் என்ன வேலை கிடைக்கும், நீங்கள் படித்தவராயிற்றே, சொல்லுங்கள் என்கிறார். நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டீர்கள் அம்மா! அந்தக் கேள்விக்கு என்னைப் பெற்ற அய்யாவுக்கே நான் பதில் சொன்னதில்லை.

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். மிளகாயும் பருத்தியும் போடுகிற வானம் பார்த்த பூமி. நான் கேட்டது ரசாயனம். ரசாயனத்தில் இடம் முடிந்துவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, "ஹோம் சயின்ஸ்ல ஒரு சீட்டு இருக்கு, குழந்தை வளர்ச்சிப் பிரிவு. வேணுமா வேண்டாமா, சட்டுனு சொல்லும்மா, பின்னால ஆள் நிக்கிது" என்றார். பின்னால் நின்றவள் என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தாள். வேணும் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கை நிச்சயமானது இந்த அழகில்தான்.

அய்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை யோசித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"ஏத்தா, புள்ள வளக்குறதுக்கா மூணு வருசம் படிக்கணும்? ஒங்காத்தா ஆறு புள்ள வளத்தவ. அவளுக்கு என்ன பட்டம் குடுப்பாக?"

"அது வேற, அய்யா."

"எப்படி வேற?"

எப்படி வேறு என்று எனக்கும் தெரியாது. அதனால் கோபப்பட்டேன். விடை தெரியாத கேள்விக்குக் கோபப்படுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும்.

முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், வாசலில் நாலு பேர் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள். "காலேசுப் புள்ள, இது ஏன் பால் குடிக்க மாட்டேங்குது?" "இதுக்கு ஏன் இன்னும் பல்லு மொளைக்கல?" நான் அடுப்படி வழியாகக் கொல்லைக்கு ஓடிப்போய், சாயங்காலம் வரை வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

சிவப்பு மை

கல்லூரிக்குள்ளேயே ஒரு மழலைப் பள்ளி உண்டு. முப்பது பிள்ளைகள். சுவரில் கொசுவலை மாதிரி ஒரு திரை, அதன் பின்னால் இருட்டறை. நாங்கள் அந்த இருட்டறையில் வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்து எழுத வேண்டும். பாடத்தின் பெயர் உற்றுநோக்கல்.

எங்கள் மேடம் நல்லவர். வெள்ளைப் புடவை, மெல்லிய குரல். ஆனால் சிவப்பு மைப் பேனாவை எடுத்துவிட்டால் ஈவு இரக்கம் கிடையாது. என் முதல் நோட்டில் "குழந்தை பசியால் அழுதான்" என்று எழுதியிருந்தேன். 'பசியால்' மீது கோடு விழுந்தது.

"பசி என்று உனக்கு யார் சொன்னது? அவன் சொன்னானா?"

"இல்லை மேடம். பார்த்தால் தெரிந்தது."

"தெரியக் கூடாது. அழுதான், எத்தனை நிமிடம் அழுதான், அவ்வளவுதான் எழுத வேண்டும்."

அடுத்து, குழந்தைக்கு உதவக் கூடாது. நாம் கை நீட்டினால் அவன் செய்வது அவன் செயல் இல்லையாம், நம்முடைய செயலாம். ஒருநாள் ஒரு பெண் குழந்தை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு விழப் பார்த்தது. நான் இருட்டறையை விட்டு ஓடிப்போய்ச் சரியாகப் போட்டுவிட்டேன். அந்த வாரம் எனக்குப் பூஜ்யம். வகுப்பே சிரித்தது. விடுதிக்கு வந்து போர்வைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். எத்தனை நிமிடம் அழுதேன் என்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு தேறிவிட்டேன். இரண்டாம் வருடம் முடிவதற்குள், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்தால்கூட, எந்தக் கை, எத்தனை நொடி என்று கண் இமைக்காமல் எழுதுகிற ஆளாகிவிட்டேன். மேடம் என் நோட்டை வகுப்பில் படித்துக் காட்டினார்.

மூன்று முடிச்சு

கடைசி வருடம் ஒவ்வொருத்தியும் தன் மாவட்டத்தில் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பார்த்து எழுத வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

என் தாய்மாமன் அப்போது ரயில்வேயில் வேலையாகப் பாம்பனில் இருந்தார். சாலைப் பாலம் வராத காலம், ரயிலை விட்டால் போக்கு கிடையாது. மாமா வீட்டில் தங்கிக்கொண்டு கடற்கரையில் பிள்ளை தேடினேன். ஆரோக்கியம் கிடைத்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். புருஷன் கடலுக்குப் போனால் கரை வர ரெண்டு நாள் ஆகும்.

கயிற்றைப் பார்த்ததும் எனக்கு அவிழ்த்துவிடத் தோன்றியது. ஆட்டுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி பிள்ளையைக் கட்டுவாளா ஒருத்தி? ஆனால் உதவக் கூடாது, கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆரோக்கியமே சொன்னாள்.

"தண்ணியக் கண்டா நிக்க மாட்டான் புள்ள. நாலு எட்டு வச்சாப் போதும், அங்கன பள்ளம். மூணு முடிச்சுப் போட்டாத்தான் எனக்கு வேலை ஓடும்."

பிறகு என் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீ படிச்சவதான? சொல்லு, இவன் எப்பப் பேசுவான்? இவன் வயசுப் புள்ளைகள்லாம் கத பேசுது. இவன் அம்மான்னுகூடச் சொல்ல மாட்டேங்குறான்."

பெற்றோருக்குப் பதில் சொல்வதும் விதியில் இல்லை. சிரித்து மழுப்பினேன்.

முதல் நாலு நாளும் சூசை முடிச்சோடு மல்லுக்கட்டினான். அவிழவில்லை. டின் ஓயாமல் கலகலத்தது. ஒரு சொல்லும் பேசவில்லை. அப்படியே எழுதினேன்.

டின் ஓய்ந்தது

ஐந்தாம் நாளுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் முடியாது.

அன்றைக்கு அவன் உட்கார்ந்ததும் முடிச்சில் விரலை விட்டான். மூன்றே நிமிடம். அவிழ்ந்துவிட்டது. எனக்குப் புல்லரித்தது. நாலு நாளாக முடியாததை இன்று செய்துவிட்டானே! "விரல் திறனில் வியக்கத்தக்க முன்னேற்றம்" என்று எழுதினேன். 'வியக்கத்தக்க' மேடத்துக்குப் பிடிக்காது என்று அதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அடிப்பதற்கும் எழுதுவதற்கும் எனக்கு நேரம் இருந்தது. கவனியுங்கள்.

அவன் நடந்தான். ஒன்பது நாற்பத்தொன்று, கணுக்கால் வரை தண்ணீர். கைகளைத் தட்டுகிறான். ஒன்பது நாற்பத்திரண்டு, முழங்காலுக்கு மேல். சிரிக்கிறான்.

பயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பள்ளம் இருப்பதும் தெரியும். ஆனால் எழுந்தால் கெட்டுவிடும், நான் எழுந்தால் அது அவன் செயலாக இருக்காது என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. சனியன் பிடித்த குரல். எழுந்திருக்கவா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டு இருந்தபோதே என் கை 'இடுப்பு' என்று எழுதியிருந்தது.

டின் சத்தம் நின்றதை ஆரோக்கியம் கேட்டுவிட்டாள். மீன் கூடையைத் தட்டிவிட்டு ஓடிவந்தாள். என்னைத் தாண்டித்தான் ஓடினாள், என்னைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் பாய்ந்தபோது சூசையின் தலை மட்டும் வெளியே இருந்தது, பிறகு அதுவும் இல்லை. குனிந்து துழாவித் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினாள். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். தண்ணீர் வந்தது, பிறகு அழுகை வந்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அவள் சேலையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் நோட்டில் விழுந்தது.

"எம்புள்ள தண்ணிக்குள்ள போறான், நீ என்னத்தடி எழுதிக்கிட்டு ஒக்காந்திருக்க?"

நான் நோட்டை மூடினேன்.

"நீ இருக்கியேன்னுதான்டி இன்னைக்கு ஒத்த முடிச்சாப் போட்டேன். பாவம், இடுப்புல காயமா இருக்கேன்னு..."

அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். நான் வியந்த முன்னேற்றம் இதுதான். பிள்ளையின் விரல் தேறவில்லை, தாய் என்னை நம்பியிருக்கிறாள்.

மறுநாள் போகவா வேண்டாமா என்று விடிகாலையிலிருந்து தத்தளித்தேன். போனேன். ஆரோக்கியம் மரக்குத்தியிலிருந்த கயிற்றை அவிழ்த்து என் இடது கையில் கட்டினாள். மூணு முடிச்சு. "இப்ப எழுது" என்று சொல்லிவிட்டு மீன் பரப்பப் போய்விட்டாள்.

மீதி நாட்களை அப்படித்தான் எழுதினேன். சூசை இழுத்தால் என் உடம்பே ஆடும், எழுத்து கோணும். ஒன்பதாம் நாள் என்று நினைவு, அவன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்து "வா" என்றான்.

நான் போனேன். அன்றைக்கு நோட்டில் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நண்டு வளை தோண்டினோம். ஆரோக்கியம் தூரத்திலிருந்து, "பேசிட்டானா? என்ன சொன்னான்? திருப்பிச் சொல்லச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். அவன் திருப்பிச் சொல்லவில்லை.

தங்க எழுத்து

விடுதிக்கு வந்து நல்ல பிரதி எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் நாளில் வெளியே சொல்ல முடியாத ஓர் ஓட்டை. ஒன்பதாம் நாளில் இன்னொரு ஓட்டை. என்ன செய்தேன் தெரியுமா? பாடப்புத்தகத்தைத் திறந்தேன். இரண்டரை வயதுக் குழந்தை என்னவெல்லாம் பேசும் என்று போட்டிருந்ததோ, அதையெல்லாம் சூசையின் வாயில் போட்டேன். "அம்மா வா", "மீன் தா". முடிச்சை அவிழ்த்தான், டின்னோடு விளையாடினான், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசினான். கடல் இல்லை. கயிறு என் கையில் இருந்ததும் இல்லை.

மேடம் முதல் மதிப்பெண் போட்டார். அந்தப் பிரதிக்குக் கருநீல அட்டை, தங்க எழுத்து. அந்த அட்டையைக் காட்டித்தான் எனக்கு வேலை கிடைத்தது. பால்வாடி மேற்பார்வை, பிறகு மண்டபம் முகாமில் குழந்தைகள் காப்பகம், பிறகு ஊர் ஊராக அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி. என்னோடு படித்தவர்களில் ஒருத்தி கீழக்கரையில் மழலைப் பள்ளி வைத்தாள், ஒருத்தி ஆஸ்பத்திரியில் மனவளர்ச்சிப் பிரிவுக்குப் போனாள், ஒருத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் உட்கார்ந்தாள். பரமக்குடி வாசகிக்கு இது போதும் என்று நினைக்கிறேன். வேலை கிடைக்கும் அம்மா. கிடைக்காமல் போகாது.

பயிற்சி வகுப்பில் நானும் "குழந்தைக்கு உதவாதீர்கள், பாருங்கள்" என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். அது தப்பும் இல்லை. ஆனால் சொல்லும்போதெல்லாம் என் இடது கை தானாக முந்தானைக்குள் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்

ராமநாதபுரத்தில் நான் குடியிருந்த வீட்டுக்கு, சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். கணீரென்ற குரல். கையில் பை நிறைய மீன்.

"டீச்சர், நான் பாம்பன் சூசை. ஆரோக்கியம் மகன்."

உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பாம்பனில் மீன் ஏலம் விடுகிறாராம். அங்கன்வாடியில் விசாரித்து என் விலாசத்தை வாங்கினாராம். அம்மா தவறி நாலு வருடம். வந்த காரியத்தைச் சொன்னார்.

"எனக்கு ஒரு மக, டீச்சர். பெனிட்டா. மூணு வயசு முடியப் போவுது, வாயே தெறக்கல. அங்கன்வாடியில தாள்ல என்னமோ குறிச்சுட்டாங்க. அவ அம்மா சாப்புடாமக் கொள்ளாம அழுதுக்கிட்டே கெடக்கா. நான் எப்பப் பேசுனேன்னு சொல்ல இப்ப வீட்டுல ஆள் இல்ல. அம்மா சொல்லும், ஒரு டீச்சர் ஒன்னப் பத்தி நோட்டு எழுதுனாங்கடான்னு. அதுல இருக்குமா?"

அலமாரியில் கருநீல அட்டை கண்ணுக்கு நேராக இருந்தது. யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த கையோடுதான் உறைத்தது.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறான்." அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். முகம் விழுந்துவிட்டது.

"அப்ப நான் சின்னதுலயே பேசிட்டேன். அப்ப எம்மகளுக்கு என்னமோ இருக்கு."

தலையைக் குனிந்து அட்டையை மூடினார். மூடி, பத்திரமாக மேசையில் வைத்தார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பியிருக்கலாம், அதுவும் சரியான பேச்சுதான். சொன்னால் கடலையும் சொல்ல வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, உப்புக்கறை படிந்த அந்தப் பழைய நோட்டை எடுத்துவந்தேன்.

"அது பொய் தம்பி. இதுதான் நெசம். முதல்ல ஒன்பதாம் நாளைப் படிங்க."

கோணல் எழுத்து. அவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "இழுத்தான். வா என்றான்." அடுத்த பக்கம் வெறும் தாள்.

"இது மட்டுந்தானா?"

"பன்னெண்டு நாள்ல அந்த ஒரு சொல்லுதான். ஒங்களுக்கு அப்ப ரெண்டரை வயசு. பெனிட்டாவுக்கு காது நல்லாக் கேக்குதான்னு டாக்டர்கிட்ட காட்டணும், அத விடக் கூடாது. ஆனா நீங்களும் பேசாமத்தான் இருந்தீங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "நானா? ஏலத்துல என் வாய மூட ஆள் இல்ல டீச்சர்!" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைப் பின்னால் புரட்டினார். ஐந்தாம் நாள் வந்தது. நான் தடுக்கவில்லை.

ஏலக் குரலிலேயே படித்தார். "ஒன்பது நாற்பத்திரண்டு. முழங்காலுக்கு மேல். சிரிக்கிறான்." குரல் இறங்கியது. "இடுப்பு." பிறகு தண்ணீர் சொட்டி மை கலைந்த இடம்.

"அம்மா இதச் சொன்னதே இல்லையே. நீங்க எங்கன இருந்தீங்க?"

"அங்கனதான் இருந்தேன். எழுதிக்கிட்டு இருந்தேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமா, பரிதாபமா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இரண்டில் எதை எழுதினாலும் மேடம் கோடு போடுவார், போகட்டும். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

நோட்டை இரண்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னார்.

"நாளைக்குப் பாம்பனுக்கு வாங்க டீச்சர். எம்மகளப் பாருங்க. ஆனா நோட்டு கொண்டாராதீங்க."

போனேன். அவர் வீட்டு முற்றத்து மணலில் பெனிட்டா உட்கார்ந்து சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே நானும் மணலில் உட்கார்ந்தேன். வெகுநேரம் வரைக்கும் கையை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை.